நாடா பிடித்த கை

முதல் தடவை டெய்லரம்மா அளவைத் தப்பாகச் சொன்னது உண்மையிலேயே கைத்தவறுதான். அதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வாள். அதற்குப் பிறகு சொன்ன அளவுகளுக்குத்தான் அவளிடம் பதில் கிடையாது.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல்கடை. பள்ளிச் சீருடை, நர்ஸ் கோட்டு, ஜன்னல் திரை, கல்யாண கவுன் என்று எது வந்தாலும் ஒரு தடவை அளப்பாள், ஒரு தடவை வெட்டுவாள். போட்டுப் பார்த்து, பிரித்துத் தைக்கிற வேலையே அந்தக் கடையில் இல்லை. "எமன் கணக்கு தப்பினாலும் டெய்லரம்மா நாடா தப்பாது" என்று தகரக்கடைக்காரன் நட்டு சொல்லுவான். ஆள் குட்டை, உச்சந்தலை தட்டை, அதனால் அந்தப் பெயர். பெயரைப் பற்றி அவனுக்கு வருத்தமும் இல்லை.

மகள் மூன்று பெட்டிகளோடு வந்து மாடியறையில் தங்கிக்கொண்டபோது டெய்லரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. அதுக்காவது ரெண்டு பேரும் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கணும் இல்ல?" மகள் பெட்டியைப் படியில் இழுத்துக்கொண்டே சொன்னாள். "நீ இதுல வராத. நீ வந்தா எப்பவும் அவன் பக்கம்தான் பேசுவ."

அது பொய்யில்லை. மாப்பிள்ளையை டெய்லரம்மாவுக்குப் பிடிக்கும். கணவர் போன பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அவன் வந்து போன நாட்களில்தான். ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவன். வந்ததும் வராததுமாகத் தையல் மிஷினைத் திறந்து எண்ணெய் விட்டுக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் மகள் சொல்கிற குறையும் பொய்யில்லை. அவன் தொடங்கியது எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர்கள் வீட்டில் கதவில்லாத அலமாரி ஒன்று இருந்தது. குளியலறையில் பாதிச் சுவருக்குத்தான் ஓடு. மகளுக்கு வெளியூரிலிருந்து நல்ல வேலை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் "பார்க்கலாம்" என்றான். பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டும் போயின. மூன்றாவது இப்போது வந்திருந்தது. மகள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்க்கிறவள். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

அவனுடைய கார் மட்டும் டெய்லரம்மா வீட்டு ஷெட்டில் நின்றது. குடியிருப்பில் நிறுத்த இடம் இல்லாததால் கல்யாணமான நாளிலிருந்தே அங்கேதான். இரண்டே இருக்கை கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பு, இப்போது வதங்கிய தக்காளித் தோலின் நிறம். ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்துக்கு ஏறும் மலைப்பாதை ஒன்று உண்டு. அதன் உச்சியில், இந்தக் காரின் எஞ்ஜின் மூடியில் உட்கார்ந்துதான் அவன் மகளிடம் சம்மதம் கேட்டான். போன கோடையில் அதே பாதையில் இருவரும் போனபோது கார் பாதி ஏற்றத்தில் இளைத்து நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டார்கள். "உன் காரும் உன்னை மாதிரிதான். ஏத்தம் வந்தா உக்காந்துடும்" என்று மகள் சொன்னாளாம். அவன் பதிலுக்குச் சிரித்தானாம். அந்தச் சிரிப்புதான் தனக்கு ஆறவே இல்லை என்று மகள் ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

மகள் வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். மாடியை அண்ணாந்து பார்த்தான். ஜன்னல் சாத்தியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. மேல..."

"இல்ல அத்தை. கார்ல கொஞ்சம் வேலை. மூச்சுக்குழாய் மாத்தப் போறேன்."

"யாருக்கு?"

"காருக்குத்தான்." வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். காரின் மூடியைத் தூக்கி உள்ளே காட்டினான். "இந்தக் கறுப்புப் பெட்டி இருக்கு பாருங்க, இது வழியாத்தான் எஞ்ஜின் காத்தை இழுக்குது. புகைக்குழாய்க்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்குது. சூட்டுக் காத்து லேசு, அதுல எரியறதுக்குச் சரக்கு இல்ல. வெளிக்காத்து குளிர்ச்சி, அதனால கனம். அதைக் கொண்டுவந்து கொடுத்துட்டா ஏத்தத்துல மூச்சு வாங்காது."

"அடுப்பு முன்னாடி நின்னு விசிறிக்கிட்டா எப்படி, அந்த மாதிரி."

"அதேதான் அத்தை! இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு."

இத்தனை பழைய மாடலுக்குக் கடையில் தயாராக எதுவும் கிடைக்காதாம். எல்லாம் கையால் செய்ய வேண்டியதுதான். முன்விளக்குக்குப் பின்னால் இருந்த மூலையில் கூம்பு வடிவ வடிகட்டி. அங்கிருந்து எஞ்ஜின் வாய் வரைக்கும் வளைந்து போக ஓர் அலுமினியக் குழாய். எஞ்ஜின் சூடு வடிகட்டிப் பக்கம் வராமல் தடுக்க, அதைச் சுற்றித் தகரத்தில் ஒரு பெட்டி. குழாய் வாங்கிவிட்டான், வடிகட்டி வாங்கிவிட்டான். பெட்டிதான் சிக்கல். அந்த மூலையில் ஒரு பக்கம் போல் இன்னொரு பக்கம் இல்லை. எல்லாம் கோணல்.

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். கூன் விழுந்தவருக்குக் கோட்டு தைத்திருக்கிறாள். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய மணப்பெண்ணுக்கு அது தெரியாதபடி கவுன் தைத்திருக்கிறாள். இந்த மூலை எம்மாத்திரம்?

"ஒரு பழைய அட்டைப்பெட்டி எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

மதியத்துக்குள் அட்டையில் பெட்டி தயார். துண்டு துண்டாக வெட்டி, மூலையில் வைத்துப் பார்த்து, ஒட்டுநாடா போட்டு இணைத்தாள். வைத்தால் பொம்மைக்குச் சட்டை போட்டது போல் உட்கார்ந்தது. அவன் பென்சிலால் அதன் ஒரு பக்கத்தில் ‘எஞ்ஜின் இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம்’ என்று எழுதினான். அட்டையின் ஓரம் பிசிறாக இருந்ததால், நேராகத் தகரத்தில் வைத்து வரையாமல் அளவெடுத்துக் கோடு போடலாம் என்றான். அவள் அட்டையைப் பிரித்து வெட்டுமேஜையில் விரித்து அளந்து சொன்னாள். அவன் இரும்பு ஸ்கேலை வைத்துத் தகரத்தில் கோடு போட்டான். பிறகு வெட்டி, மடக்கி, கொண்டுபோய் வைத்தால் பெட்டி தலை தூக்கி நின்றது. காரின் மூடி சாத்த மறுத்தது.

அவள்தான் கண்டுபிடித்தாள். பழக்கதோஷம். ஒவ்வொரு ஓரத்துக்கும் தையலுக்கு விடுகிற அரை அங்குலத்தைச் சேர்த்தே சொல்லியிருக்கிறாள்.

"அத்தை! தகரத்துக்கு ஏது அத்தை தையல்?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டு மாடி ஜன்னல் திறந்தது. கொஞ்ச நேரத்தில் மகள், காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் கொல்லைக்கு இறங்கி வந்தாள்.

"என்ன கூத்து?"

"உங்கம்மா என் காருக்கு ரெடிமேட் சட்டை தைச்சிருக்காங்க. கொஞ்சம் லூசு."

மகளின் உதட்டோரம் அசைந்தது. "டீ குடிச்சியா?"

"இல்ல."

"அம்மாகிட்ட போட்டுத் தரச் சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வாரக்கணக்கில் முகம் பார்க்காத இருவருக்குள் அது ஒரு பேச்சுதானே. துணியைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டின தகரம் வெட்டினதுதான். "அடுத்த வாரம் புதுத் தகரம் வாங்கிட்டு வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை முழுவதும் டெய்லரம்மா மிஷினில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்றைக்கே சரியாக அமைந்திருந்தால்? வேலை முடிந்திருக்கும். காரை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவனுக்கு ஏது காரணம்? ஒரு தப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்னும் நாலு ஞாயிறு கிடைத்தால் மகள் படியிறங்கி ஷெட் வரைக்கும் வந்துவிட மாட்டாளா?

அடுத்த ஞாயிறு நாடா பத்து அங்குலம் காட்டியது. அவள் வாய் பத்தே கால் என்றது.

முப்பது வருஷமாக அந்த நாடா அவள் கழுத்தில் தாலி போலக் கிடந்தது. அதை வைத்து ஒரு பொய் சொன்னதில்லை. துணியில் மிச்சம் பிடித்ததில்லை. இப்போது பெற்ற மகளுக்காகத்தானே என்று மனதை அமர்த்தினாள். குழாய் நுழைய வேண்டிய ஓட்டை கால் அங்குலம் தள்ளிப் போயிற்று. குழாய் ஒரு பக்கம், எஞ்ஜின் வாய் ஒரு பக்கம்.

"மடிப்பு தின்னுருச்சு அத்தை" என்றான் மாப்பிள்ளை. "நான்தான் மடக்கும்போது சரியா பிடிக்கல."

"போகட்டும் மாப்பிள்ளை. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அதற்கடுத்த வாரம் பெட்டி குறுகி, வடிகட்டி சுவரில் உரசியது. அதற்கும் அடுத்த வாரம் மேல் விளிம்பு சாய்ந்து, அதில் ஒட்டிய ரப்பர் பட்டை மூடியில் படியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஓர் அளவுதான் தப்பு. எந்த அளவு என்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். திருட்டிலும் அவளுக்கு ஒரு கைநேர்த்தி இருந்தது. முதல் வாரத்து அட்டையைச் சுருட்டி, பழைய வெட்டுமாதிரிகளோடு அலமாரியில் வைத்திருந்தாள். அவன் கேட்டால் மேஜையில் விரிப்பாள். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும்.

இதில் அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு இனிக்க ஆரம்பித்திருந்தன. சனிக்கிழமையே ஷெட்டைக் கூட்டி வைப்பாள். அவன் வரும் நேரத்துக்கு டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

நட்டுதான் முதலில் மூக்கை நுழைத்தான். தகரம் கொடுக்க வந்தவன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன தம்பி, ஒரு பெட்டிக்கு என் கடைத் தகரம் பூரா போயிடும் போல? கப்பல் கட்டியிருந்தாக்கூட இந்நேரம் கரை சேர்ந்திருக்கும்."

"அமைய மாட்டேங்குதுண்ணே."

"அமைஞ்சாலும் பெருசா ஒண்ணும் வேகம் ஏறாது, சொல்லிட்டேன். சத்தம்தான் ஏறும்."

"எனக்கு வேகம் வேண்டாம். ஒரு மலை, நிக்காம ஏறணும். அது போதும்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. டெய்லரம்மா கவனித்தாள். கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அந்தரங்கம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அத்தையிடம் சொல்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள், ஆனால் மனசு திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மகள் கீழே சாப்பிட வந்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் முடியலையா அது?"

டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கேட்கிறாளே! "எங்க முடியுது? ஒண்ணு சரியானா ஒண்ணு இடிக்குது. மெதுவா செய்யட்டுமே, இப்ப என்ன அவசரம்?"

"அதானே" என்றாள் மகள். "அவனுக்கு என்னைக்கு அவசரம் இருந்திருக்கு."

பாதித் தட்டோடு எழுந்து போனாள். பேச்சு பிடிக்காமல் போகிறாள் என்று டெய்லரம்மா எண்ணவில்லை. அக்கறை இருக்கிறவளுக்குத்தான் கோபம் வரும் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். முகம் மழித்திருந்தான். கையில் ஒரு பை. அதிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து ஷெட் ஆணியில் மாட்டினான். அவளிடம் "அத்தை, இன்னைக்கு எப்படியாவது முடிச்சுடணும்" என்றான்.

டெய்லரம்மா சட்டையைப் பார்த்தாள். அவள் தைத்துக் கொடுத்த சட்டைதான். மகளின் பிறந்தநாளுக்குப் போட்டது. அடடா, பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மகளைப் பார்க்க நல்ல சட்டை கொண்டு வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாரம். கனிகிற நேரத்தில் அவசரப்பட்டு ஏன் பறிக்க வேண்டும்?

நாடா ஏழரை காட்டியது.

"ஏழே முக்கால்" என்றாள்.

அவன் கோடு போட்டான். வெட்டினான். மடக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு தடவை தட்டினான். குழாயில் ரப்பர் இணைப்பை மாட்டி, கவ்விகளை முறுக்கி, வடிகட்டியைச் சொருகி, கடைசியில் பெட்டியை இறக்கினான். பெட்டி முக்கால்வாசி இறங்கி நின்றது. கையால் அழுத்தினான். முட்டியால் அழுத்தினான். சுத்தியலை எடுத்து, ஓங்கி, பிறகு அடிக்காமலே கீழே வைத்தான்.

"அடுத்த வாரம்..." என்று டெய்லரம்மா ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரம் இல்லை அத்தை."

கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையைத் தொடாமல், இத்தனை வாரத்தில் முதல் தடவையாக மாடிப்படி ஏறினான். மேலே பேச்சுக் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சீக்கிரமே கீழே வந்தான். கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். "வரேன் அத்தை. காரை இன்னொரு நாள் வந்து எடுத்துக்கறேன்" என்றான். சட்டை ஆணியிலேயே கிடந்தது. பக்கவாட்டுக் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மகள் இறங்கி வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது.

"டிக்கெட் போட்டுட்டேம்மா. வியாழக்கிழமை கிளம்பறேன்."

"என்னடி இது திடீர்னு? அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவான்? ‘முடியல’ன்னான்." மகள் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் இங்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னைக்கு வரைக்கும்தான் டயம். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சதுல ஏதாவது ஒண்ணை முடிச்சுக் காட்டு. எதுவா இருந்தாலும் சரி, ஒரே ஒண்ணுன்னு. அவனே சொன்னான், காரைச் சரி பண்ணி, நிக்காம மலை உச்சிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு. அங்க உக்காந்து பேசலாம்னான். சரின்னேன். நம்பினேம்மா. ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஜன்னல்ல உக்காந்து, இன்னைக்கு எஞ்ஜின் சத்தம் கேக்கும், இன்னைக்குக் கேக்கும்னு... ஒரு தகரப் பெட்டி. அதைக்கூட முடிக்க முடியல அவனால."

வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழியை உடைத்ததாக டெய்லரம்மா கதை கேட்டிருக்கிறாள். உடைத்தவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நான்தான்டி" என்றாள்.

"என்ன நீ?"

"நான்தான் தப்புத் தப்பா அளவு சொன்னேன். அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. முதல் வாரமே அட்டை சரியா அமைஞ்சுது. அதை மறைச்சு வச்சுட்டு..."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

"அம்மா, உனக்குப் பொய் சொல்ல வராது. தெருவுல போறவளைப் பார்த்தே இடுப்பளவு சொல்றவ நீ. நீ தப்பா அளந்தியா?"

"வேணும்னேதான் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவர் வந்துக்கிட்டே இருக்கணும்னு. நீங்க ரெண்டு பேரும்..."

"போதும்மா." மகள் எழுந்தாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. அவனைக் காப்பாத்த எவ்வளவு தூரம் போவ நீ? சொந்த நாடாவைக்கூட அடகு வைக்கிற. பெத்த பொண்ணுக்காக ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?"

டெய்லரம்மா ஓடிப் போய் அலமாரியிலிருந்து அட்டையைக் கொண்டுவந்து விரித்தாள். நாடாவை வைத்துக் காட்டினாள். மகள் பார்க்கவில்லை. "அட்டையைப் பார்த்து எனக்கென்னம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். முப்பது வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் இப்படி ஒரு வேளையில் காலை வாரும் என்று யார் கண்டது?

அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் "ஊருக்கு வெளியே மெஷின் வேலை அத்தை, வெள்ளிக்கிழமை வந்து காரை எடுத்துக்கறேன்" என்று குறுஞ்செய்தி வந்தது. போனில் எழுதிச் சொல்லக்கூடிய விஷயமா அது? எழுத ஆரம்பித்தாள், அழித்தாள்.

வியாழக்கிழமை டாக்ஸி வந்தது. மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். "உடம்பைப் பார்த்துக்கோ. கோபம் எல்லாம் இல்லம்மா" என்றாள். கோபமாவது இருந்திருக்கலாம் என்று டெய்லரம்மாவுக்குத் தோன்றியது. தான் சொன்னதை மகள் நம்பினால்தானே கோபம் வரும்.

டாக்ஸி திரும்பியதும் அவள் கடையைச் சாத்தினாள். அட்டையை எடுத்துக்கொண்டு நட்டு கடைக்குப் போனாள். அளக்கவே இல்லை. பிசிறோ கோணலோ, அட்டையைத் தகரத்தின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தாள். தானே கத்திரியைப் பிடித்து வெட்டினாள். நட்டு மடக்கிக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது பெட்டி காரின் மேல் இருந்தது. பக்கத்தில் அட்டை.

"கறுப்புப் பெட்டியையே திரும்ப மாட்டி ஓட்டிட்டுப் போயிடறேன் அத்தை. இதெல்லாம் எதுக்கு இனிமே?"

"ஒரு தடவை வச்சுப் பாருங்க மாப்பிள்ளை."

அவளுக்காகத்தான் வைத்தான். பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கி, மூலையில் அமர்ந்தது. குழாய் ஓட்டையில் நுழைந்து எஞ்ஜின் வாயைத் தேடாமலே தொட்டது. மூடியைச் சாத்தினான். ரப்பர் பட்டை சுற்றிலும் படிந்தது. அவன் திரும்பவும் திறந்து பார்த்தான். பிறகு அட்டையைக் கையில் எடுத்தான். ‘எஞ்ஜின் இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம்’. அவனுடைய கையெழுத்தை அவனே கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்தான்.

"இது முதல் வாரத்து அட்டை."

"ஆமா."

"அப்ப அளவு..."

"நான்தான் மாத்திச் சொன்னேன். நீங்க வராம நின்னுடுவீங்களோன்னு. அவ வச்ச கெடு எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. தெரிஞ்சிருந்தா..." கழுத்து நாடாவை உருவிக் கையில் சுருட்டினாள். "என்னைத் திட்டுங்க. நாலு வார்த்தை கேளுங்க."

அவன் திட்டவில்லை. காரின் ஓரத்தில் சாய்ந்து நின்றான்.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல. உங்களுக்காகப் பொய் சொல்றேன்னா. நீங்க சொல்லுங்க, இந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்க. உங்க பேச்சை நம்புவா."

"என்னன்னு சொல்ல அத்தை?" அட்டையை மெதுவாகச் சுருட்டினான். "நீங்க தப்பா சொன்னீங்க. சரி. இத்தனை வாரமும் நாடா இந்த மேஜைமேலதான் கிடந்தது. ஒரு தடவைகூட நான் எடுத்து அளந்து பார்க்கல. நீங்க சொன்னதைப் போட்டுக்கிட்டே இருந்தேன். அவ கிளம்பறேன்னப்பகூட ‘ஒரு நாள் இரு’ன்னு கேக்கல. முடியலன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். அவ சொல்ற குறை இதுதானே?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"நான் சொல்லல அத்தை. அவ சொன்னதுதான்." அட்டையை அவளிடம் நீட்டினான். பிறகு, குரல் மாறாமல், "ஆனா இனிமே நான் இங்க வர மாட்டேன். வந்தா இதுதான் ஞாபகம் வரும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான்.

அவள் தலையசைத்தாள். வேறென்ன செய்வது? எதற்காக இத்தனையும் செய்தாளோ, அதுவே கைவிட்டுப் போயிற்று.

சாவியைத் திருப்பினான். கார் இருமாமல், தயங்காமல் உயிர் பெற்றது. முன்பு கேட்டிராத ஒரு சத்தம், ஆழ்ந்து மூச்சு இழுப்பது போல. நட்டு சொன்னது சரிதான், சத்தம் ஏறியிருந்தது. பக்கத்து இருக்கை காலியாக, கார் ஷெட்டை விட்டுப் பின்னால் நகர்ந்து, தெருமுனையில் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மலைப் பக்கம் திரும்பியது.

அந்தப் புதுச் சத்தம் கனமானது, தூரத்திலிருந்தும் கேட்டது. டெய்லரம்மா வாசலிலேயே நின்று கேட்டாள். அது ஏறியது. வளைவுக்கு வளைவு கொஞ்சம் தேய்ந்தது, நிற்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நிற்காமலே ஏறி, ஏறி, காதுக்கு எட்டாமல் போயிற்று.

ஷெட் ஆணியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. எடுத்து மடித்து வைத்தாள். யாருக்கு என்று தெரியவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு பெண் நர்ஸ் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். டெய்லரம்மா நாடாவை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். உதடு அசைந்தது, ஆனால் எண் வெளியே வரவில்லை.

"எவ்வளவு காட்டுதுன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா."

"ஏன் டெய்லரம்மா? கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள்.